இடது பின் டயர்

ஏப்ரல் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, யசுனோரி செண்டாய் நகரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு சொந்த ஊரான ஒபனசாவாவுக்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. அப்பாவை எப்படியாவது பேசிச் சரிக்கட்டி, கார் ஓட்டும் லைசென்ஸைப் போலீசிடமே திருப்பிக் கொடுக்க வைத்துவிட வேண்டும்.

அப்பா தொக்குஜிக்கு எழுபத்தேழு வயது. முப்பத்தெட்டு வருடம் அந்த ஊர்ப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆளுயரம் பனி கொட்டும் ஊரில், அத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று பெயர் வாங்கியவர். மனைவி இறந்த பிறகும் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பழைய ஸ்டேஷன் வேகனில் மருத்துவமனைக்கும் மளிகைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். மார்ச் மாதக் கடைசியில், பாதி கரைந்த பனி கிடந்த பாலத்தடி வளைவில், அவருடைய காரின் பின்பக்கம் மட்டும் தனியாக வழுக்கிச் சுழன்று, தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி அன்று சாயங்காலமே யசுனோரிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"நீங்களா வண்டியை விட்டுடுங்கப்பா. ஏதாவது ஆன பிறகு விடறதுல அர்த்தமே இல்ல" என்றான் யசுனோரி, காலை உணவுத் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே.

அப்பா வழக்கம்போல் சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தான். அவர் வரவில்லை. ஊறுகாய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னைக்குப் பனி டயரைக் கழட்டி வெயில் டயர் மாட்டணும். தொமோயே ஒரு தடவை வண்டியைப் பாக்கட்டும். வண்டில ஒண்ணும் இல்லன்னு அவ சொல்லிட்டா, அங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் குடுத்துடறேன். போதுமா?" என்றார்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று யசுனோரி எதிர்பார்க்கவில்லை. அதுவே அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

தொமோயேவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காகப் பதினோரு வருடம் இருந்துவிட்டு, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவள். பனிக்காலம் முடிந்ததும் ஏப்ரலில் ஊரே டயர் மாற்ற வரும் என்பதால் வாசலில் நாலு வண்டி காத்திருந்தன. தொக்குஜியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்கய்யா, பையன் துணையோட வந்திருக்கீங்க? நான் என்ன அவ்வளவு கறாராவா கூலி கேக்கறேன்?"

"துணைக்கு வரல. காவலுக்கு வந்திருக்கான்" என்றார் தொக்குஜி.

வண்டியை மேலே தூக்கி, பனி டயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாகத் தரையில் போட்டாள். மூன்று டயர்களைத் தாண்டியவள் நான்காவதில் நின்றுவிட்டாள். இடது பின் டயர். வெளிப்பக்கம் பள்ளமும் மேடுமாக, வாங்கிய புதிதில் இருந்ததுபோல் இருந்தது. உள்பக்க விளிம்பில் நாலு விரல் அகலத்துக்குத் தேய்ந்து, வழுக்கைத் தலை மாதிரி பளபளத்தது.

"பாலத்துக்கிட்ட வண்டி வழுக்கிச்சுன்னீங்களே, இதுதான். பனியைப் பிடிக்க இதுல என்ன இருக்கு?"

யசுனோரி குனிந்து பார்த்தான். "நடைபாதைக் கல்லுல ஏத்தி இறக்கியிருப்பாருக்கா. வயசானவங்க இடது பக்கம் ஓரமா ஒதுக்கும்போது அப்படித்தானே ஆகும்?"

"கல்லுல ஏத்தினா சக்கர விளிம்பு காட்டிக் குடுத்துடும் தம்பி. பாரு, ஒரு கீறல் இருக்கா?" தொமோயே சக்கரத்தைச் சுற்றிக் காட்டினாள். கீறல் இல்லை. "காத்து கம்மியா இருந்தா ரெண்டு ஓரமும் தேயும். அதிகமா இருந்தா நடுவுல தேயும். இது ஒரே ஓரம். இப்படிக் கையை வச்சுப் பாரு."

அவன் கையைப் பிடித்துத் தேய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு திசையில் தடவ வைத்தாள். வழுவழுவென்று போயிற்று. திருப்பித் தடவியதும் அரம் மாதிரி விரலைக் கடித்தது.

"சக்கரம் சும்மா சாஞ்சு மட்டும் ஓடியிருந்தா ரெண்டு பக்கமும் வழுவழுன்னுதான் இருக்கும். இது குறுக்கா இழுபட்டுத் தேஞ்சிருக்கு. வண்டி ஒரு பக்கம் போக, இந்தச் சக்கரம் வேற பக்கம் போகப் பாத்திருக்கு."

பிறகு அவள் அவசரமே படவில்லை. வாசலில் ஒருவன் ஹாரன் அடித்ததற்கு, "உள்ள வந்து டீ குடி, இல்லன்னா திங்கக்கிழமை வா" என்று கத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உலுக்கினாள்; ஆட்டம் இல்லை. பின்பக்க ஷாக் அப்சார்பரைத் தடவிப் பார்த்தாள். எண்ணெய் கசிவு இல்லை. வெயில் டயர்களை மாட்டி, வண்டியைச் சக்கரங்களின் கோணம் பார்க்கும் அலைன்மென்ட் மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டித் திரையைப் பார்த்தாள். மூன்று சக்கரங்களுக்குப் பச்சை நிறம் வந்தது. இடது பின் சக்கரத்துக்கு மட்டும் சிவப்பு.

"சக்கரத்தோட மூக்கு, அதான் முன்பாதி, வெளிப்பக்கமா திரும்பியிருக்கு. பாத்தா தெரியாது, இத்துனூண்டுதான். ஆனா நேரா போற வண்டி இந்தச் சக்கரத்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டேதான் போயிருக்கு. பின்சக்கரம் இப்படி இருந்தா வளைவுல பின்பக்கம் சொன்ன பேச்சு கேக்காது. ஐயா இருந்ததால நின்னுது. வேற யாராவதா இருந்தா ஆத்துல கிடந்திருப்பாங்க."

தொக்குஜியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்போ குத்தம் வண்டில!"

"வண்டி தானா கோணுமாப்பா?" என்றான் யசுனோரி. அவனுக்கே குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டது. "எங்கயாவது இடிச்சிருக்கீங்க. ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்."

வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. தொக்குஜி சுவரோரம் இருந்த மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தொமோயே விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். கடப்பாரை போன்ற கம்பியால் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை நெம்பிப் பார்த்தாள். எதுவும் கிழியவில்லை. பிறகு, "இங்க வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

சக்கரத்தை வண்டியின் நடுச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் கம்பி, கட்டைவிரல் தடிமனில், பக்கத்துக்கு ஒன்றாக இருந்தது; வலது பக்கத்துக் கம்பி நேராக இருந்தது. இடது பக்கத்துக் கம்பி நடுவில் மெல்ல வளைந்திருந்தது. வளைந்த இடத்தைச் சுற்றிலும், கருப்புப் பூச்சு உரிந்து, இரண்டு இடத்தில் வளையம் போட்டதுபோல் துரு பிடித்திருந்தது.

"கல்லு அடிச்சிருந்தா ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். இது சுத்திலும் இருக்கு பாருங்க. சங்கிலி போட்டு இழுத்த தடம். இழுக்கறதுக்குக் கொக்கி மாட்ட வண்டியிலயே இடம் இருக்கு, ஆனா பனிக்குள்ள படுத்து அதைத் தேட யாருக்குப் பொறுமை? கைக்கு எட்டினதுல மாட்டிடறாங்க. கம்பி வளைஞ்சா நீளம் குறையும். சக்கரத்தோட பின்பாதியை உள்ள இழுத்துடும், மூக்கு வெளிய போயிடும்."

"எப்போ நடந்திருக்கும்?" யசுனோரி கேட்டான்.

"நவம்பருக்கு அப்புறம். பனி டயர் மாட்டினப்போ அடியில துரு பிடிக்காம இருக்க இந்தக் கருப்புப் பூச்சை நானே அடிச்சேன். அதுக்கு மேலதான் சங்கிலி உரிச்சிருக்கு. இந்தக் குளிர்காலத்துல யாரோ இந்த வண்டியைப் பள்ளத்துலேருந்து இழுத்திருக்காங்க."

ஜனவரி. யசுனோரிக்கு நாள்கூட நினைவுக்கு வந்துவிட்டது. கூரையில் சேர்ந்த பனியைத் தள்ள வந்திருந்தான். அப்பா முதுகு பிடித்துப் படுத்திருந்தார். வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை வாங்க அவருடைய காரை எடுத்துக்கொண்டு போய், கோயிலுக்குப் பின்புறத்து வளைவில் பனி மூடிய வாய்க்காலுக்குள் பின்சக்கரத்தை இறக்கிவிட்டான். டிராக்டரில் வந்த யாரோ ஒருவர் பத்தே நிமிடத்தில் இழுத்து வெளியே விட்டார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட இல்லை. முப்பத்தெட்டு வருடம் பனியில் பேருந்து ஓட்டிய மனிதரிடம் போய் 'பள்ளத்தில் விட்டுவிட்டேன்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு வாரத்தில் அதை மறந்தும் போனான்.

"என்னை யாரும் இழுக்கல" என்றார் தொக்குஜி. பிறகு, இன்னும் மெதுவாக, "இழுத்திருப்பாங்களோ?" என்றார்.

தொமோயே அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லம்மா. சங்கிலி போட்டு இழுத்திருக்காங்கன்னா நான் அங்க நின்னுதானே பாத்திருப்பேன்? அதுகூட மறந்து போச்சுன்னா..." அவர் கை கோட்டின் உள்பைக்குள் போய்ப் பர்ஸை எடுத்தது. "யசு சொல்றது சரிதான். வாடா, போயிடலாம்."

யசுனோரி வாயைத் திறக்கவில்லை. பின்னால் எத்தனையோ முறை அவன் அந்தச் சில வினாடிகளை நினைத்து நினைத்துக் கூசியிருக்கிறான். சும்மா இருந்தால் போதும். வந்த காரியம் முடிந்துவிடும். அப்பாவுக்கு நல்லதும்கூட; எழுபத்தேழு வயதில், இந்த ஊர்ப் பனியில், எத்தனை நாள் ஓட்ட முடியும்? இப்படியெல்லாம் மனசு அடுக்கிக்கொண்டே போனது. அப்பா பர்ஸிலிருந்து லைசென்ஸை உருவப் பார்த்தார். அது உறையைவிட்டு வர மறுத்தது.

"அப்பா, அது நான்தான்."

"என்ன நீ?"

"ஜனவரில. உங்களுக்கு முதுகு பிடிச்சப்போ, மருந்துக்கடைக்குப் போனேன்ல. கோயில் பின்னாடி வாய்க்கால்ல விட்டுட்டேன். டிராக்டர்ல ஒருத்தர் இழுத்து விட்டாரு. சங்கிலியை எங்க மாட்டினாருன்னு நான் பாக்கல. உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

தொமோயே விளக்கை அணைத்துவிட்டு, "வாசல்ல அந்த ஹாரன்காரன் என்ன ஆனான்னு பாத்துட்டு வரேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

அப்பா கத்துவார் என்று யசுனோரி காத்திருந்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொக்குஜி நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் புரியவில்லை.

"பாலத்துக்கிட்ட வழுக்கினதுலேருந்து, தினம் காலையில எந்திரிச்சதும் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து பாப்பேன்டா" என்றார், கையை எடுக்காமலே. "பம்பர்ல துணி ஒட்டியிருக்கா, முடி ஒட்டியிருக்கான்னு. யாரையாவது அடிச்சுப் போட்டுட்டு மறந்துபோய் வீட்டுக்கு வந்து சோறு பொங்கித் தின்னிருக்கேனோன்னு. பேப்பர் வந்ததும் விபத்துச் செய்தியைத்தான் முதல்ல பாக்கறது. நம்ம ஊர் பேரு இல்லன்னு தெரிஞ்சப்புறம்தான் காப்பியே இறங்கும்."

யசுனோரி அவர் முன்னால் பட்டறைத் தரையில், எண்ணெய்க் கறை மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். சடங்குக்குக் கேட்பதுபோல் இல்லாமல் சரியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். வார்த்தை கோர்வையாக வரவில்லை.

"எந்திரி. பேன்ட்டு பாழாகுது" என்றார் அப்பா. முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "கோயில் பின்னாடின்னா, ஒத்தைப் பைன் மரம் நிக்குமே, அந்த வளைவா?"

"ஆமா."

"அங்க வாய்க்கால் இருக்கறது உனக்கு ஏழு வயசுலேருந்து தெரியும். சைக்கிளோட விழுந்தவன் நீ. நாப்பது வருஷம் கழிச்சு அதே வாய்க்கால்ல போய் விழுந்திருக்கியே, வேற வாய்க்காலே கிடைக்கலையா உனக்கு?"

வாசலில் நின்றிருந்த தொமோயே அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். உள்ளே வந்தவள், "அந்தக் கம்பி புதுசு வர செவ்வாய்க்கிழமை ஆகும். அதுவரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும். இப்படியே ஓட்டினா வெயில் டயரையும் தின்னுடும்" என்றாள். பிறகு தொக்குஜியைப் பார்த்து, "பணிமனையில நாங்க டயரைப் பாத்தே எந்த பஸ்ஸு யாரோடதுன்னு சொல்லுவோம். உங்க பஸ்ல ஆறு டயரும் ஒண்ணு போல தேஞ்சிருக்கும். இதைப் பாத்ததும் இது உங்க வேலையா இருக்காதுன்னுதான் எனக்குத் தோணிச்சு. ஆனா தோணினதை வச்சுச் சொல்லக்கூடாதுல்ல, அதான் தேடினேன்" என்றாள்.

அன்று மத்தியானம் யசுனோரியின் காரில்தான் திரும்பினார்கள். வழியில் ஸோபா நூடுல்ஸ் கடையில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். லைசென்ஸ் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. கடைசியில் சூப்பைக் குடித்து முடித்துவிட்டு அப்பாதான் சொன்னார்: "ஜூன்ல லைசென்ஸுக்கு முதியோர் பரீட்சை இருக்கு. ஞாபகத்தையும் கண்ணையும் சோதிப்பாங்க. அதுல என்ன வருதோ வரட்டும். அதுக்கு மேல, நிறுத்த வேண்டிய நேரத்தை நானே பாத்துக்கறேன். நீ சொல்லி நிறுத்தினா மனசு ஆறாது."

"சரிப்பா."

"சரின்னு சொல்லிட்டு அடுத்த வாரம் திரும்ப இதுக்குப் போன் போடாத."

செவ்வாய்க்கிழமை தொமோயே போனில் கூப்பிட்டு, நாலு சக்கரமும் பச்சை காட்டுகின்றன என்று சொன்னாள். ஜூன் பரீட்சையில் தொக்குஜி தேறினார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டினார், அடுத்ததிலும் ஓட்டினார். யசுனோரிக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பனிப்புயல் என்று செய்தி வந்தால் போனைக் கையில் எடுப்பான், வைத்துவிடுவான். ஆனால் மாதத்துக்கு ஒரு முறையாவது ஊருக்குப் போனான். போனால் அப்பாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்தான். அதுவே அவனுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

மூன்றாவது குளிர்காலம் தொடங்கும் முன், நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் இருந்தபோது அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"இன்னைக்குக் காலையில போய் லைசென்ஸைக் குடுத்துட்டேன்."

யசுனோரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஏம்பா, என்ன ஆச்சு? எங்கயாவது..."

"ஒண்ணும் ஆகல. நேத்து சிக்னல்ல நின்னேன். பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கல போல, பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சான். முன்னல்லாம் அப்படி யாராவது அடிச்சா கோவம் வரும். நேத்து, அவன் அடிச்சது சரிதான்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

யசுனோரி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். "சனிக்கிழமை வரட்டுமா?" என்றான்.

"வா. ஹீட்டருக்கு மண்ணெண்ணெய் வாங்கணும். ரெண்டு கேன்" என்றார் அப்பா.