ஃபோர்க் பைப்பில் நெயில் பாலிஷ்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் விழுந்த ஓர் எண்ணெய்ச் சொட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது. வேறு மாதிரி சொல்லத்தான் ஆசை. பத்மதீர்த்தக் குளத்தில் ஒரு மீன் துள்ளியது, அந்தக் கணத்தில் கதை முழுசாகத் தோன்றியது என்று சொன்னால் நேர்காணலில் நன்றாக இருக்கும். என்னை இதுவரை யாரும் நேர்காணல் எடுத்ததில்லை. எனவே உண்மையைச் சொல்லிவிடலாம்.

என் பெயர் ஸ்ரீனிவாசன். திருவனந்தபுரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஸ்ரீவராகத்தில் வீடு. வருஷத்துக்கு இரண்டு கதை எழுதுவேன். எங்களிடம் கார் கிடையாது, கார் ஷெட் மட்டும் உண்டு. மாடியில் குடியிருக்கும் இசக்கிசெல்வி தன் மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்திக்கொள்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி சீதாலக்ஷ்மி உள்ளே வந்து சொன்னாள்:

"ஏன்னா, அந்தப் பொண்ணோட வண்டி அழறது. போய்ப் பாருங்கோ."

வண்டி அழுகிறது! இதைவிட நல்ல முதல் வரி என் ஆயுசில் எனக்கு அமையாது. ஆனால் அது அவள் சொன்னது. திருடிய பொருளை வாசலிலேயே வைக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன்.

2

வேறு சில தொடக்கங்களையும் எழுதிப் பார்த்தேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் மோட்டார் சைக்கிளின் காயத்தை மெல்லத் தடவி—" (மழை பெய்யவில்லை. நல்ல வெயில்.)

"ட்ரயல்ஸ் எனப்படும் விளையாட்டு ஐரோப்பாவில் பெரிதும்—" (நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள்.)

"இருக்கை இல்லாத ஒரு வண்டியில் அவள்—"

இது பரவாயில்லை. உண்மையும்கூட. செல்வியின் வண்டியில் உட்கார இடமே கிடையாது. நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். பாறை, மரக்கட்டை, ஓடைக்கல் எல்லாவற்றின் மேலும் நடக்கிற வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றினால் தண்டனைப் புள்ளி. அவ்வளவுதான் விளையாட்டு. முதல் நாள் அந்த வண்டி பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியபோது, சீட்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் போலீஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டார்.

செல்விக்கு முப்பத்தொரு வயது. வள்ளியூர்ப் பக்கம். சாலை பஜாரில் வன்னியராஜ் என்பவரின் பேரிங், ஆயில் சீல் கடையில் கவுண்டரில் நிற்கிறாள். ஓர் இரும்பு உருளையைக் கையில் கொடுத்தால் அளவுகோல் இல்லாமலே அதன் விட்டத்தைச் சொல்லிவிடுவாள். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார் என்று நெடுமங்காட்டுக்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரிக்குப் போனவள், அங்கே இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறாள்.

"ஓட்டப்பந்தயம்னா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன் சாமி*. இவ்வளவு மெதுவாப் போறதுக்கு அவங்களுக்கு இவ்வளவு வேர்க்குல்லா? அதான் எனக்குப் புடிச்சுப் போச்சு."

எட்டு மாதத்துக்கு முன்பு, ஆற்றிங்கலைச் சேர்ந்த ஷாஜி என்பவனிடமிருந்து அந்தப் பழைய வண்டியை வாங்கினாள். "ஃபோர்க் இதுவரை திறந்ததே இல்லை, அப்படியே கம்பெனி ஃபிட்டிங்" என்று அவன் சொல்லியிருந்தான்.

* நான் சாமியும் அல்ல, சாமியாராக உத்தேசமும் இல்லை. இந்த ஊரில் எங்கள் தெருக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செல்வி அதைச் சொல்லும்போது மரியாதை பாதி, கிண்டல் பாதி.

3

(இந்தப் பகுதியில் எண்ணெய் வரும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.)

வண்டி அழுததற்குக் காரணம் எளிமையானது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு ஃபோர்க் என்று பெயர். ஒவ்வொரு காலிலும் ஒரு பைப் இன்னொரு குழாய்க்குள் ஏறி இறங்கும். உள்ளே எண்ணெய். அது வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். இடது கால் சீல் போய்விட்டது. எண்ணெய் வழிந்து பிரேக் வரைக்கும் வந்துவிட்டது. பாறை உச்சியில் பிரேக் வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். "கீழ இருப்போம்" என்றாள்.

வண்டியைச் சோடாப் பெட்டிமேல் தூக்கி வைத்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சக்கரம் கழன்றது, ஃபோர்க் கழன்றது. பைப்பில் தூசி படாமல் இருக்கப் போட்டிருந்த துணி உறையை உருவினாள். உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சாமி, இங்கன பாருங்க."

வெள்ளிபோல மின்னும் பைப்பில் அரிசியளவு ஒரு பள்ளம். எப்போதோ எதிலோ அடிபட்டது. அந்தப் பள்ளத்தை யாரோ அடர்ந்த மெரூன் நிற நெயில் பாலிஷால் நிரப்பி, மேலே வழவழவென்று தேய்த்திருந்தார்கள். ஓரத்தில் பாலிஷ் கொஞ்சம் உதிர்ந்து, அந்த விளிம்பு சீலை அறுத்திருந்தது.

எனக்கு உடனே எழுதத் தோன்றியது: "அந்த மெரூன் நிறத்தில் ஒரு பெண்ணின் பிரிவு உறைந்து—"

"நெயில் பாலிஷ் இரும்புல நல்லா ஒட்டும் சாமி, சீக்கிரம் காயும். அதான் போட்டிருக்காங்க" என்றாள் செல்வி. "ஆனா போட்டவங்களுக்குக் கை சுத்தம். நான்கூட இப்படித் தேய்ச்சிருக்க மாட்டேன். ஃபோர்க்கத் தெறக்கவே இல்லன்னு அந்தாளு சொன்னானே?"

பைப்பை வெடுக் வெடுக்கென்று நாலு முறை இழுத்ததும் பழைய சீல் பிதுங்கி வெளியே வந்தது. எண்ணெய், கழுவாத காபி டவரா நிறத்தில் இருந்தது. புது சீல் அவள் கடையிலிருந்தே வந்திருந்தது. பள்ளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். இனி பாலிஷ் வேண்டும். செல்வி நகத்துக்குப் பூசுகிறவள் அல்ல.

"என்கிட்ட இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. சீதாலக்ஷ்மி பீரோவிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு குப்பியுடன் வந்தாள். இருபத்துநாலு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்தக் குப்பியை நான் பார்த்ததே இல்லை. (அது வேறு கதை. எழுத அனுமதி கிடைக்கவில்லை.)

4

பள்ளம் எப்படி வந்தது, பைப் வளைந்து நிமிர்த்தியதா, வெறும் கீறல்தானா என்று தெரிந்தால்தான் அதை நம்பிப் பாறையில் ஏற முடியும். செல்வி ஷாஜிக்குப் போன் செய்தாள். கை முழுக்க எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். ஷாஜி குளிக்கப் போயிருந்தான் போல. எடுத்தது ஒரு பெண்.

செல்வி தன் அரைகுறை மலையாளத்தில், அந்த ட்ரயல்ஸ் வண்டி விஷயமாக என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

"அய்யோ, வண்டி நன்னாக்குன்ன ஆளாணோ? எத்ர மாசமாயி! எப்போ தரும்?"

செல்வியை வண்டி ரிப்பேர் செய்கிற ஆள் என்று நினைத்துவிட்டாள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் சீதாலக்ஷ்மியைப் பார்த்தேன். அந்தப் பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள். அவள் ஸ்ரீலட்சுமி, ஷாஜியின் மனைவி. வண்டி அவளுடையது. போன வருஷம் விழுந்து காறை எலும்பு முறிந்து படுத்திருந்தபோது, வண்டியை சர்வீஸுக்கு விட்டிருப்பதாக ஷாஜி சொல்லியிருக்கிறான். எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். முதலில் ஸ்பேர் பார்ட்ஸ் வரவில்லை, பிறகு மெக்கானிக்குக் காய்ச்சல், பிறகு மெக்கானிக் வீட்டில் கல்யாணம்.

"இடத்து ஃபோர்க்கில் ஒரு பாடு உண்டு. நான் தன்னே அடைச்சதா. சும்மா ஒரு கல்லு கொண்டது, பைப்பு வளைஞ்ஞிட்டில்லா. எப்போ தரும்?" என்றாள்.

இடது காலில் கல் பட்ட வடு மட்டும்தான், பைப் வளையவில்லை; கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. செல்வி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். பிறகு, "அடுத்த ஞாயறாழ்ச்ச, சேச்சி" என்று சொல்லி, எங்கள் வீட்டு விலாசத்தையும் கொடுத்தாள். போனை வைக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"என்ன செல்வி இப்படிச் சொல்லிட்டே?" என்றேன்.

"வேற என்னத்தச் சொல்ல? என் வாயில அதான் வந்துது."

5

இந்த இடத்தில் ஷாஜியை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு நாள் கதை நின்றது.

முதல் ஷாஜி அயோக்கியன். மனைவி படுக்கையில் கிடக்க, அவள் வண்டியை விற்றவன். எழுத மிகச் சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. இரண்டாவது ஷாஜிக்கு ஒரு நோய் கொடுத்தேன். மூன்று பத்தி இருமினான். எனக்கே பரிதாபம் வந்தது, அவன்மேல் அல்ல, வாசகர்மேல்.

மூன்றாவது ஷாஜியை நான் உண்டாக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவனே செல்விக்குப் போன் செய்தான். மாடிப்படியில் நின்று பேசிவிட்டு அவள் என்னிடம் வந்து சொன்னாள்:

"அழுதான் சாமி. அவ விழுந்தப்போ இவன் பக்கத்துலதான் நின்னிருக்கான். எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுதாம். இனிம அந்தச் சத்தத்தக் கேக்க முடியாதுங்கான். வித்துட்டேன்னு சொல்ல தைரியம் இல்ல, அதனால மெக்கானிக்குக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். ஞாயித்துக்கெழம நீங்களே எதாவது சொல்லிச் சமாளிங்கன்னான். எதுக்கு எல்லாத்துக்கும் நானே பொய் சொல்லணும்?"

6

சமாளிக்கும் பொறுப்பை எழுத்தாளனாகிய நான் ஏற்றுக்கொண்டேன். புதன்கிழமை மூன்று முடிவுகளை எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன்.

அ) செல்வி வண்டியைக் கொடுத்துவிடுகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

ஆ) செல்வி வண்டி திருட்டுப் போனதாகச் சொல்கிறாள்.

இ) இருவரும் ஆளுக்கொரு வாரம் ஓட்டுவதென்று முடிவாகிறது.

"அ-வில நான் யாரு? அழுறதுக்கு அந்தச் சேச்சிய எனக்குத் தெரியவே தெரியாது. ஆ-வ மாமிகிட்டச் சொன்னா உங்களுக்குச் சோறு கெடைக்காது. இ சின்னப் புள்ளைய சைக்கிள் மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் உள்ளதச் சொல்லப் போறேன்" என்றாள்.

உள்ளதைச் சொல்வது என்று ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. தொழில் அப்படி.

7

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்ரீலட்சுமி ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினாள். உயரமான, வாட்டசாட்டமான பெண். வந்தவள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போய், ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கினாள். ஃபோர்க் சத்தமில்லாமல் இறங்கி ஏறியது. குனிந்து உறையை விலக்கி, தன் மெரூனுக்கு மேல் இருந்த ரோஜா நிறத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது யாரு செய்ததா?"

"நான்தான் சேச்சி" என்றாள் செல்வி. பிறகு ஒரே மூச்சில், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லிவிட்டாள். தான் மெக்கானிக் இல்லை என்றும், வண்டி சர்வீஸுக்கு வரவில்லை என்றும், எட்டு மாதத்துக்கு முன்பே விலைக்கு வாங்கிவிட்டதாகவும்.

ஸ்ரீலட்சுமியின் முகத்தை வர்ணித்து இரண்டு வாக்கியம் எழுதி, இரண்டையும் எடுத்துவிட்டேன். நான் அப்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேச்சிக்கு வேணும்னா எடுத்துக்கிடுங்க" என்றாள் செல்வி. "தண்ணி கொண்டு வாறேன்" என்று மாடிக்குப் போனாள். ஒரு தம்ளர் தண்ணீருக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அதற்குள் ஸ்ரீலட்சுமி வண்டிமேல் ஏறியிருந்தாள். எஞ்சின் ஓடவில்லை. இரண்டு காலும் மிதியில். வண்டி நகரவும் இல்லை, சாயவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றது. சீதாலக்ஷ்மி தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தாள். அறுபதைத் தாண்டியும் ஸ்ரீலட்சுமி காலை ஊன்றவில்லை. பிறகு தானாகவே இறங்கி, எலும்பு முறிந்திருந்த பக்கத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"நீ கேறு" என்றாள் செல்வியிடம்.

செல்வி ஏறினாள். பின்பக்கம் கொஞ்சமும் இறங்கவில்லை. ஸ்ரீலட்சுமி உச்சுக் கொட்டினாள்.

"இது எனக்கு வச்ச ஸ்பிரிங். எனக்கு எழுபத்திரண்டு கிலோ. நீ ஐம்பதுகூட இல்ல. பாறையில் பின்சக்கரம் உன்ன எடுத்து எறியுமே?"

"ஆமா சேச்சி! எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன்."

"எட்டு மாசமாயிட்டா?"

"எட்டு மாசமா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஸ்ரீலட்சுமி ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைத் தளர்த்தினாள். செல்வியின் எடைக்கு நான்கு சுற்று தளர்த்த வேண்டுமாம். ஒரு சுற்று. இரண்டு சுற்று. அங்கே அவள் கை நின்றது.

கொஞ்ச நேரம் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அதைச் செல்வி கையில் கொடுத்தாள்.

"முதல்ல ஷாஜியிடம் பேசணும். அடுத்த ஞாயறாழ்ச்ச அவனையும் கூட்டிக்கொண்டு வரேன். அன்னைக்கு மீதியைச் சொல்றேன்."

8

இன்று வெள்ளிக்கிழமை. வளையம் நடுவில் நிற்கிறது. அது இப்போது இரண்டு பேர் எடைக்கும் பொருந்தாது.

இதழாசிரியர் கதையை இன்றே கேட்கிறார். முடிவு இன்னும் வரவில்லை என்றேன். ஓப்பன் எண்டிங் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். எழுதுகிறவனுக்கு முடிவு தெரிந்து, அதை மறைத்தால்தானே அது ஓப்பன் எண்டிங்? எனக்கு நிஜமாகவே தெரியாது. ஊகித்து எழுதலாமா என்று செல்வியைக் கேட்டேன். இதுவரை எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதப்பிடாது சாமி. நான் வண்டியக் குடுத்துட்டேன்னு எழுதுனியன்னா, அந்த நல்ல பேருக்காகக் குடுத்துருவேன். குடுக்கலன்னு எழுதுனியன்னா, வெக்கப்பட்டுக்கிட்டுக் குடுத்துருவேன். எப்படிப் பாத்தாலும் வண்டி போயிரும். சும்மா இருங்க."

என் முடிவை அவள் படித்துவிடுவாள். உங்களுடையது அவள் கண்ணில் படாது. ஆகவே நீங்கள் தாராளமாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதி மட்டும் அனுப்பிவிடாதீர்கள், மேஜைமேல் கிடந்தால் எடுத்துப் படிப்பாள்.

இப்போது வெளியே கார் ஷெட்டில் செல்வி வண்டிமேல் நிற்கிறாள். எஞ்சின் ஓடவில்லை. சீதாலக்ஷ்மி எண்ணுகிற குரல் இங்கே கேட்கிறது. நேற்று முப்பத்தாறுவரை போனாளாம். நாற்பது. நாற்பத்தொன்று. கால் தரையில் படுவதற்குள் நான் நிறுத்திக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு—