நாலாம் நம்பர் ஹார்விங்டன்

லப்பைக்குடிக்காட்டில் காமில் ஒர்க்‌ஷாப் திறந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் துபாயில், ஒரு பணக்கார அரபியின் பழைய கார்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஏசி போட்ட கொட்டகையில் நாற்பத்தோரு கார்கள் நின்றன. அதில் காமிலின் உயிர் ஒரே ஒரு காரில்தான் இருந்தது. ஹார்விங்டன். ஐம்பத்தைந்தாம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறையில் ரேஸுக்கென்றே ஆறு கார்களைக் கட்டிவிட்டுக் கடையை மூடிவிட்டார்கள். அரபியிடம் இருந்தது ரெண்டாம் நம்பர். அதை அவர் ஓட்டவும் மாட்டார், ஓட்ட விடவும் மாட்டார். காமில் தினமும் அதைத் துடைத்தான். ஒரு நாளும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததில்லை. துடைத்த நேரம் போக, அங்கிருந்த தடிமனான புத்தகத்தைப் புரட்டி ஆறு கார்களின் ஜாதகத்தையும் மனப்பாடம் செய்துவிட்டான். எந்த வருஷம் எந்த ரேஸ், எத்தனையாவது இடம், கடைசியில் யார் கைக்குப் போனது, எல்லாம். ஐந்து கார்கள் இருக்கிற இடம் தெரியும். நாலாம் நம்பருக்கு நேரே மட்டும், அறுபத்தேழுக்குப் பிறகு மெட்ராஸில் காணாமல் போனது என்று போட்டிருந்தது.

மார்கழி மாசம் ஒரு நாள் காலையில் எறையூரிலிருந்து பஸ் பிடித்து ஒரு அம்மா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். பெயர் ராசாத்தி, மில்லுக்குக் கரும்பு போடுகிற குடும்பம். தினத்தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்த ஒரு ஸ்பார்க் பிளக்கை மேஜையில் வைத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும், பெரம்பலூரில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை என்றாள். வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. காமில் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். விரலைவிட ஒல்லியான பிளக். டிராக்டருக்கும் கிடையாது, அம்பாசடருக்கும் கிடையாது. பழைய ரேஸ் கார்களில் தவிர வேறெங்கும் அவன் அதைப் பார்த்ததில்லை.

"இது எந்த வண்டியிலேருந்து கழட்டுனதுக்கா?"

"எங்கூட்டு கார்தான் பாய். எங்கப்பா வச்சிருந்தது. ஓடாது."

ஓடாத காருக்கு எதற்குப் பிளக் என்று கேட்டான். ராசாத்தி சொன்னாள். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் ஆறு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் ஆயில் ஊற்றி, பெரிய ஸ்பானர் போட்டு இன்ஜினை ரெண்டு சுற்று சுற்றி, திரும்ப மாட்டிவிட வேண்டும். அவளுடைய அப்பா சாமிதுரை அதைத் தவறவிட்டதே இல்லை. அவர் போய்ப் பதினைந்து வருஷமாக அவள் செய்கிறாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. நிறுத்திடாதே என்று அவர் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

காமில் ஷட்டரை இறக்கிவிட்டு, அவளை முன்னால் போகிற பஸ்ஸில் ஏற்றி, பின்னாலேயே பைக்கில் போனான்.

டிராக்டர் கொட்டகையின் கடைசியில், கரும்புச் சோகைக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் அது இருந்தது. தார்ப்பாயை இழுத்ததும் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு நீளமான மூக்கு வெளியே வந்தது. பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிந்தது. அரபியிடம் இருந்த ஹார்விங்டனின் அதே மூக்கு. இருந்தாலும் காமில் அவசரப்படவில்லை. அந்த மாதிரி உடம்பை யாரும் தகரத்தில் தட்டி ஒட்டிவிடலாம். வலது முன்சக்கரத்துக்கு மேலே குனிந்து கையால் தடவினான். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வேறொரு தகடு, ரிவெட் அடித்து ஒட்டியிருந்தது. உள்பக்கம் கையை விட்டு டார்ச் அடித்தான். பிஸ்கட் டப்பாவின் பூ வேலைப்பாடு மங்கலாகத் தெரிந்தது.

அதைப் புத்தகத்தில் படித்திருந்தான். ஐம்பத்தாறில் பன்னிரண்டு மணி நேர ரேஸ். கொட்டுகிற மழையில் நாலாம் நம்பர் வழுக்கிக்கொண்டு போய் வைக்கோல் கட்டில் மோதியது. கிழிந்த இடத்தில் பிஸ்கட் டப்பாவை வெட்டி ஒட்டி, பதினோரே நிமிஷத்தில் திரும்ப ஓடவிட்டார்கள். அதைவிட ரெண்டு மடங்கு பெரிய இன்ஜின் வைத்த கார்களெல்லாம் பின்னால் வர, மூன்றாவதாக முடித்தது. அடுத்த வருஷம் ஒரு மலையேற்றப் போட்டியில் அது வைத்த நேரத்தை ஆறு வருஷம் யாராலும் தாண்ட முடியவில்லை. பிறகு கப்பலேறிக் கல்கத்தா வந்து, கைமாறி மெட்ராஸுக்குப் போய், சோழவரத்து ரேஸ்களில் ஓடியது. காமில் மண்ணெண்ணெய்த் துணியால் முன்பக்கச் சட்டத்தைத் தேய்த்தான். அழுக்குக்கு அடியிலிருந்து நாலு என்ற எண் வந்தது.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மாஷா அல்லாஹ் என்று மெதுவாகச் சொன்னான். இது சாதாரண வண்டி இல்லை என்று ஆரம்பித்து, தெரிந்ததை எல்லாம் ஒன்று விடாமல் ராசாத்தியிடம் சொன்னான். இங்கிலாந்துக் கதையை எல்லாம் அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சோழவரம் என்றதும் நிமிர்ந்தாள்.

"அறுபத்திரண்டா? கிளட்ச் கேபிள் அறுந்துபோன ரேஸா?"

காமிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது சுற்று மீதியிருக்கும்போது கிளட்ச் போய், மூன்றாவது கியரை மாற்றாமலேயே ஓட்டி ரெண்டாவதாக வந்தது என்று புத்தகத்தில் இருந்தது. கேபிள் அறுந்தது புத்தகத்தில் இல்லை. அப்பா அங்கே மெக்கானிக்காக இருந்தார் என்றாள் ராசாத்தி. கியர்பாக்ஸ் உடைந்து வண்டி மூலையில் நின்றபோது, ரேஸை விட்டு ஒதுங்கிய முதலாளி, உன்னைத் தவிர யாருக்கும் இதைத் தர மனசில்லை என்று சொல்லிக் கொடுத்தாராம். அப்பா அதை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்.

காமில் அங்கேயே நின்று துபாய்க்குப் போன் போட்டான். பழைய கூட்டாளி அஸ்லாம் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். சோழவர ஓடுதளத்தில் நாலாம் நம்பர் நிற்கிறது. பக்கத்தில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிய ஒரு இளைஞன், கையில் ஸ்பானரோடு சிரிக்கிறான். உள்ளூர் மெக்கானிக், பெயர் தெரியவில்லை என்று கீழே அச்சாகியிருந்தது. காமில் துபாயில் பத்தொன்பது வருஷம் பார்த்த படம்.

ராசாத்தி போனை வாங்கி முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். 

"பேரு தெரியலைன்னு போட்டுட்டாங்களே. சாமிதுரைன்னு எழுதச் சொல்லுங்க பாய்."

அன்றிரவே காமில் புத்தகம் போட்டவர்களுக்கு எழுதினான். காரைப் பற்றி எழுதியதைவிடச் சாமிதுரையைப் பற்றித்தான் அதிகம் எழுதினான்.

வண்டியை ஓடவைக்க எட்டு மாசம் பிடித்தது. இன்ஜினைத் திறந்தபோது அவன் எதிர்பார்த்ததற்கு மாறாக உள்ளே துருவே இல்லை. ஐம்பத்தேழு பொங்கலுக்கு ஊற்றின ஆயில் அதைக் காப்பாற்றியிருந்தது. பிளக்குகளை அஸ்லாம் அனுப்பினான். உடைந்த கியர் சக்கரங்களைத் திருச்சியில் ஒரு பட்டறையில் வெட்டி வாங்கினார்கள். சேதி பரவி வெளியூர் ஆட்கள் விலை கேட்டு வந்தார்கள். ராசாத்தி அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அடுத்து வந்த தை மாசம் கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கான ரேஸ். ஓட்டினது காமில். ரேஸில் அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பது முதல் முறை, முதல் திருப்பத்தைத் தயங்கித் தயங்கி எடுத்தான். ரெண்டாவது திருப்பத்தில் தயக்கம் போய்விட்டது. கார் அவனுக்கு முன்னாலேயே யோசித்தது. பிரேக்கை எங்கே மிதிக்க வேண்டும் என்று அவன் நினைப்பதற்குள் மூக்கு உள்ளே திரும்பியிருந்தது. பதினோரு கார்களில் நாலாவதாக வந்தான். அவனை முந்திய மூன்றும் அதைவிடப் பத்து வருஷம் இளசு. ஆறு சிலிண்டரின் அந்தச் சத்தத்தைக் கேட்டு மற்ற ஓட்டுநர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள்.

ஊர் திரும்பின மறுநாள், வண்டியை லாரியிலிருந்து இறக்கினதும் ராசாத்தி புடவையைச் செருகிக்கொண்டு வந்து, நான் ஓட்டுறேன் என்றாள். இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவள். காமில் மறுபேச்சில்லாமல் இடது பக்கம் போய் உட்கார்ந்தான். மில்லுக்குப் போகிற ரோட்டில் கரும்பு ஏற்றின டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். டிரைவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இது டிராக்டர் இல்லக்கா, கொஞ்சம் மெதுவா என்றான் காமில். அவள் மூன்றாவது கியரைப் போட்டாள்.