முகம் தெரியாத அளவு

"நிப்பாட்டுங்கோ! அனுப்பிப் போடாதேங்கோ!"

கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தவள், கொலின்ஸ் திரும்புவதற்குள் கொம்பியூட்டரில் செருகியிருந்த இன்ரநெற் டொங்கிளைப் பிடுங்கிவிட்டாள். திரையில் பாதித் தூரம் ஊர்ந்திருந்த பச்சைக் கோடு அப்படியே உறைந்தது.

"தங்கச்சி, உங்களுக்கு என்ன விசரே? காலமை தொடக்கம் வீடியோவை ஏத்திக்கொண்டிருக்கிறன்!"

"அண்ணாவுக்குப் போயிட்டுதோ?"

"எங்கை போறது? முழுக்க ஏறினால்தான் போகும்."

அவள் கதிரையில் பொத்தென்று இருந்தாள். பெயர் நிறஞ்சலா. போன கிழமை ஓலைத்தொடுவாயில் செத்துப்போன சிங்கராசாவின் மகள். அகதி முகாமிலிருந்து வந்து அங்கே குடியேறி ஒரு வருடம்கூட ஆகாத குடும்பம். பேசாலையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் கொலின்சுக்கு, செத்தவீட்டை வீடியோ எடுக்கப் போன அன்றுதான் அவர்களைத் தெரியும். பாரிசில் இருக்கும் மகன் கொன்ஸ்ரன்ரைன் நேற்று நேரே இவனுக்கே போன் எடுத்திருந்தான். நல்ல தெளிவாக, ஒன்றும் வெட்டாமல் அனுப்பச் சொன்னான். வெளிநாட்டில் இருப்பவர்கள் தகப்பனுக்கு மண் போடுவது இப்போது இப்படித்தான்.

"அனுப்பத்தான் வேணும். ஆனால் சின்னனாக்கி அனுப்புங்கோ. முகம் தெரியக்கூடாது."

"ஆற்ற முகம்?"

"ஒருத்தற்ற முகமும்."

"ஏன்?"

"தெளிவான படம் போனால் அண்ணா உயிரோடை இருக்கமாட்டான். இதுக்கு மேலை கேக்காதேங்கோ."

கொலின்ஸ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். போன மாதம்தான் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் இங்கே வந்து, எந்த வீட்டு விசேஷம் எடுத்தாய், யார் யார் வந்தார்கள் என்று கிண்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த வீடியோவுக்குள் இருக்கக்கூடாத யாரோ இருக்கிறானா? நாளைக்கு அதே இரண்டு பேர் வந்து, ஏன் கலங்கலாக்கினாய் என்று கேட்டால்?

இருந்தாலும் கை வேலையைத் தொடங்கியது. 1280க்கு 720 என்று இருந்த ரெசலூஷனை 640க்கு 360 ஆக்கி, ஒரு சிறு துண்டை மட்டும் மாற்றிப் போட்டுக் காட்டினான்.

"இதிலை மூக்கும் முழியும் அப்பிடியே தெரியுது. குறையுங்கோ."

320க்கு 180.

"இன்னும்."

"இதுக்குக் கீழை போனால் சனம் எல்லாம் குழைச்ச மா மாதிரித்தான் தெரியும். உங்கட அண்ணா என்னைத்தான் பேசுவார்."

"நெற் ஸ்லோ எண்டு சொல்லுங்கோ. மன்னாரிலை நெற் ஸ்லோ எண்டால் ஆர் நம்பமாட்டினம்?"

அவளுக்குத் தெரியாமல் அசல் வீடியோவில் கண்ணை ஓட்டினான். பந்தலின் ஓரத்தில் நீலச் சேட்டுப் போட்ட ஒருவன். கமரா வரும்போதெல்லாம் குனிகிறான்.

"இவன் ஆர்? உண்மையைச் சொல்லுங்கோ. ஆரை ஒளிக்கிறியள்?"

நிறஞ்சலா எட்டிப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கதிரை வாடகைக்காரர் யாகப்பர். கதிரைக் கால் உடைஞ்சுபோச்சோ எண்டு குனிஞ்சு பாக்கிறார்."

அப்படியென்றால் பெட்டிக்குள் கிடப்பவரா? கொலின்ஸ் படத்தை நிறுத்தி, சிங்கராசாவின் கழுத்துப் பக்கம் பெரிதாக்கினான். காயம், கண்டல் ஏதாவது?

"அப்பா என்னெண்டு செத்தவர்?"

"நெஞ்சுவலி. ஊரே பாத்துக்கொண்டு நிண்டது. என்னண்ணை, கொலைக்கேசோ விசாரிக்கிறியள்?"

"பின்னை என்ன? ஆளைக் காட்டுங்கோ, அந்தத் துண்டை வெட்டிவிடுறன். மிச்சத்தைத் தெளிவா அனுப்பலாம்."

"வெட்டேலாது. அந்த ஆளைக் காணேல்லை எண்டால் அண்ணா முதல்லை அதைத்தான் கேப்பான்."

கொலின்ஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆள் இருக்கவும் வேண்டும், தெரியவும் கூடாது. இது என்ன கணக்கு?

176க்கு 99 என்று அடித்தான். இப்போது பெட்டி ஒரு பழுப்புக் கட்டம். சுற்றி நின்ற சனம் நிழல். நிறஞ்சலா திரையில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனை அல்ல. பெட்டியின் தலைமாட்டில், கறுப்புச் சேலையில், தாயின் இடத்தில் இருந்த பெண்ணை.

அந்த நேரம் பார்த்து கொலின்சின் போன் அடித்தது. பாரிஸ் நம்பர். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். இவளிடம் வராத உண்மை அங்கேயிருந்தாவது வரட்டும்.

"அண்ணை, கொன்ஸ்ரன்ரைன். இன்னும் வரேல்லையே?"

"நெற்... கொஞ்சம் ஸ்லோ, தம்பி."

"பரவாயில்லை. அம்மாவைக் கிட்டவா எடுத்தனீங்களோ? போனிலை குரலைத்தான் கேக்கிறன். முகத்தைப் பாத்து வருசக்கணக்காச்சு. அப்பாவும் போயிட்டார், இனி அவதான் எனக்கு."

கொலின்ஸ் போனை மியூற்றில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "அம்மாவின்ர முகத்தையோ மறைக்கிறியள்? பெத்த தாயை மகன் பாத்தால் என்ன?"

நிறஞ்சலா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள்.

"சண்டை முடிஞ்ச நேரம், எங்கடை தொடர்பு இல்லாமல் அண்ணா அங்கை தூக்குப்போடப் போனவன். அம்மா இருக்கிறா எண்டு அப்பா சொன்னதாலைதான் இண்டைக்கும் இருக்கிறான்." அவள் திரையில் இருந்த கறுப்பு நிழலைத் தொட்டாள். "இது சித்தி, அண்ணை, அம்மாவின்ர தங்கச்சி. போனிலை கதைக்கிறதும் அவதான். அம்மாவை நாங்கள் முள்ளிவாய்க்காலிலை, பங்கர்க் குழிக்குள்ளையே மண்ணைப் போட்டு மூடிப்போட்டுத்தான் வந்தனாங்கள்."