ஒன்பதாவது விதி

அப்பா செத்து ஒரு மாதமாக நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அச்சகத்திலிருந்து கல்வெட்டுக் கட்டுகள் வந்திறங்கின. ஒன்றைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அழுகை நின்றது. உச்சந்தலை வரைக்கும் கொதி ஏறியது.

எங்கள் பண்டத்தரிப்பில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். செத்தவரின் படம், வம்சம், தேவாரம், ஆள் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவரைப் புகழ்ந்து நாலைந்து வெண்பா. அதுதான் கல்வெட்டு. என் அப்பா முத்துக்குமாரு மாஸ்டர் தலை நரைக்கும் வரை கணக்குப் படிப்பித்தவர். அவர் தன் வகுப்புச் சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்த வகுபடு விதிகளையும் கடைசிப் பக்கத்தில் போடவேண்டும் என்று கேட்டதே நான்தான். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பதினொன்று. இவற்றால் ஓர் எண் மீதியில்லாமல் வகுபடுமா என்று, வகுத்துப் பாராமலே கண்டுபிடிக்கிற வழிகள். மொத்தம் எட்டு விதி. அதற்கு மேல் அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

அச்சில் ஒன்பது இருந்தது.

“நாலாலும் ஆறாலும் வகுபடும் எண் இருபத்துநாலாலும் வகுபடும்.”

பன்னிரண்டை எடுங்கள். நாலால் வகுபடும், ஆறாலும் வகுபடும். இருபத்துநாலால் வகுபடுமா? சின்ன வகுப்புப் பிள்ளையே சிரிக்கும். இந்தக் கண்றாவியை அப்பாவின் பெயரால் அச்சடித்து, அவரிடம் படித்தவர்கள் அத்தனை பேரின் கையிலும் நாளைக்குக் கொடுக்கப் போகிறார்கள்! பிழையான கணக்குக்கு ஒருநாளும் சரி போடாத மனிசன் அவர்.

புத்தக வேலையைப் பொறுப்பெடுத்தவர் குஞ்சியப்பு, அப்பாவின் தம்பி கனகசபாபதி. முற்றத்தில் பந்தல்காரருக்குக் கட்டளை போட்டுக்கொண்டு நின்றார். நேரே போய்ப் பக்கத்தைக் காட்டினேன்.

“உது ஆர் எழுதினது, குஞ்சியப்பு?”

“நான்தான். எட்டு சனியன்ரை எண், பிள்ளை. செத்தவற்றை புத்தகத்தை எட்டிலை நிப்பாட்டக் கூடாது. அதுதான் ஒண்டைச் சேர்த்து ஒன்பதாக்கினனான்.”

“ஆரைக் கேட்டுச் சேர்த்தனீங்கள்?”

“ஆரைக் கேக்கிறது? ரண்டாலும் மூண்டாலும் வகுபட்டால் ஆறாலை வகுபடும் எண்டு அண்ணையே எழுதியிருக்கிறார். ஈர்மூண்டு ஆறு. அப்ப நாலாறு இருபத்துநாலு. அண்ணை எழுத மறந்துபோனார், நான் எழுதிவிட்டன்.”

அண்ணை மறந்துபோனாராம்!

“ரண்டுக்கும் மூண்டுக்கும் பொதுவாய் ஒண்டுமில்லை, குஞ்சியப்பு. அதாலை அது சரிவரும். நாலுக்குள்ளையும் ஒரு ரண்டு கிடக்கு, ஆறுக்குள்ளையும் ஒரு ரண்டு கிடக்கு. நீங்கள் ஒரே ரண்டை ரண்டுதரம் எண்ணிப்போட்டியள். பன்னிரண்டைப் போட்டுப் பாருங்கோ.”

“பள்ளிக்கூடச் சோதினை எடுத்தவுடனை எனக்குப் படிப்பிக்க வந்திட்டா!” என்று அவர் பந்தல்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

நான் பேனையை எடுத்து அந்த வரியை வெட்டப் போனேன். புத்தகத்தைப் பறித்தார். “செத்தவற்றை கல்வெட்டிலை கீறுறதோ? உனக்கென்ன விசரோ?” என்றார். உள்ளேயிருந்து அம்மா, “மீனா, சாவீட்டிலை சண்டை வேண்டாம், விடு” என்றாள். விட்டேன். ஆனால் கொதி அடங்கவில்லை. சாவீடென்றால் யாரும் எதையும் எழுதலாமா?

மறுநாள் காலை கீரிமலைத் தீர்த்தக்கரையில் காரியம் முடிந்து, வீட்டுக் கிருத்தியமும் படையலும் ஆனபிறகு, கல்வெட்டு வாசிக்க இளையதம்பி அண்ணை எழும்பினார். ஊரில் எந்தக் கல்வெட்டையும் இராகம் போட்டு வாசிக்கிறவர் அவர்தான். விதிகளையும் விடாமல் வாசிக்கவேண்டும் என்று குஞ்சியப்பு சொல்லிவைத்திருந்தார். இளையதம்பி அண்ணை தேவாரம் பாடிய அதே உருக்கத்தில் ஒன்பதாவது விதியையும் பாடி முடித்தார். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஒருவருக்குமா தெரியவில்லை? பந்தல் நிறைய அப்பாவிடம் படித்தவர்கள். முன்னுக்கு ஐசாக் சேர் இருந்தார். அப்பாவின் கெட்டிக்கார மாணவன், இப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவர் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

“கடைசி விதி நான் அறியாதது. மாஸ்டர் எழுதினதெண்டால் சரியாய்த்தான் இருக்கும். நாளைக்கே என்ரை வகுப்பிலை சொல்லிக் குடுக்கப்போறன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. மாஸ்டர் எழுதினால் சரியாகத்தான் இருக்குமாம்! “சொன்னவன் ஆரெண்டு பாராதை, ஒரு எண்ணைப் போட்டுப் பார்” என்று தொண்டை வறளக் கத்தின மனிசனுக்கு இவர்கள் காட்டுகிற மரியாதை இதுதானா? குஞ்சியப்பு ஒரு பிழை விட்டார். இவர்கள் அத்தனை பேரும் அதைக் கும்பிடுகிறார்கள்.

குசினிக்குள் போய் ஒரு பெட்டியில் வடையை எண்ணிப் போட்டேன். மாமி “ஆம்பிளையளின்ரை பந்திக்கு நீ ஏன் போறாய்?” என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனேன். முதற் பந்திக்கு ஆட்கள் வந்து இருந்துகொண்டிருந்தார்கள். ஒரு வரிசையில் இருபத்துநாலு பேரோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, பெட்டியைப் பரிமாற நின்ற குஞ்சியப்புவின் கையில் கொடுத்தேன்.

“இதிலை முப்பத்தாறு வடை. முப்பத்தாறு நாலாலை வகுபடுமோ, ஐசாக் சேர்?”

“ஓம்.”

“ஆறாலை?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப ஒன்பதாவது விதிப்படி இருபத்துநாலாலையும் வகுபட வேணும். குஞ்சியப்பு, இந்த இருபத்துநாலு பேருக்கும் சரிசமனாய்ப் பரிமாறுங்கோ. ஒண்டும் மிஞ்சக் கூடாது.”

சபை பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை. இலைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனார். வரிசை முடிந்தது. பெட்டியில் பன்னிரண்டு வடை கிடந்தது. அவர் பெட்டியையும் பார்த்தார், வரிசையையும் பார்த்தார். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு வடையை எடுத்து இரண்டாகப் பிய்த்து முதல் இரண்டு இலையிலும் வைத்தார்.

“பார், ஆளுக்கு ஒண்டரை! சரிவருகுதுதானே?”

“முழு எண், குஞ்சியப்பு! முழு எண்!” என்று கத்தினேன். “பிச்சுப் பிச்சுக் குடுக்கலாமெண்டால் எதுவும் எதாலையும் வகுபடும். பிறகேன் விதி? பிறகேன் அப்பா?”

கடைசிச் சொல்லில் என் குரல் உடைந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஐசாக் சேர் இலையை விட்டு எழும்பினார். சாப்பாட்டில் இருந்தவர் எழும்பக்கூடாது, ஆனாலும் எழும்பினார். “பன்னிரண்டைப் போட்டுப் பாத்திருக்கலாம். மாஸ்டர் இருந்திருந்தால் என்னை வகுப்பு வாங்குக்கு மேலை ஏத்தி நிப்பாட்டியிருப்பார்” என்றார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் தன் கல்வெட்டில் அந்த வரியை வெட்டினார். பக்கத்திலிருந்தவர் பேனைக்குக் கை நீட்டினார். பிறகு அடுத்தவர். பந்தி முழுக்க அந்தப் பேனை கைமாறிக்கொண்டு போனது.

குஞ்சியப்பு மட்டும் பெட்டியோடு நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

“எட்டாய்ப் போச்சே, பிள்ளை” என்றார் மெதுவாக. “எட்டிலை நிண்டால் அண்ணைக்குக் கூடாதெண்டுதானே நான்...”

அவர் பொய் சொல்லவில்லை. அண்ணனில் அவருக்கு உயிர். அதுவே என் கோபத்தைக் கூட்டியது.

“எட்டாலை அப்பாவுக்கு ஒரு குறையும் வராது, குஞ்சியப்பு. இண்டைக்கு அவருக்கு வந்தது உங்கடை ஒன்பதாலைதான்.”

அவர் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, பேனை தன்னிடம் வரும் வரை வரிசையின் கடைசியில் நின்றார்.