குழம்பு ஆறுவதற்குள்

என் வீட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. சர்க்கரை இருக்கிறது, வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று ஆயிரம் சாக்குச் சொன்னவர்கள்கூட இரண்டாம் தடவை சோறு வாங்கிய பிறகுதான் கை கழுவியிருக்கிறார்கள். ஊட்டி காந்தலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தபித்தா வீட்டிலிருந்து பசியோடு வெளியே வர முடியாது என்பார்கள். அதனால் டென்மார்க்கிலிருந்து மெட்டே வருகிறார் என்றபோது நான் பயப்படவில்லை. பயந்தது என் மகன் பெனிஸ்தான்.

பெனிஸ் அந்த நாட்டில் ஒரு காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறான். கூட வேலை பார்க்கும் லீனாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். லீனாவுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம். என் வீட்டுக்காரர் சில்வஸ்டருக்கு, எனக்குச் சம்மதம் என்றால் சம்மதம். லீனாவின் அம்மா மெட்டே மட்டும் பிடிகொடுக்கவில்லை. தனியாளாக வளர்த்த ஒரே மகள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண் இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று மெட்டே, மகளோடும் பெனிஸோடும் ஊட்டிக்கே கிளம்பி வந்துவிட்டார்.

"அம்மா, காரத்தை மட்டும் கொறைச்சுருங்க. எல்லாமே இந்த ஒரு சாப்பாட்டுலதான் இருக்குது" என்று பெனிஸ் விருந்துக்கு முந்தின நாளே கெஞ்சினான்.

"கொறைச்சாச்சு கண்ணு" என்றேன். குறைக்கவில்லை. காரத்தைக் குறைத்தால் அது நாட்டுக்கோழிக் குழம்பா, கோழி குளித்த தண்ணீரா?

மறுநாள் காலையிலிருந்தே தூறல். மத்தியானம் எல்லாவற்றையும் மேசையில் கொண்டு வந்து வைத்தேன். குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், கேரட் பொரியல், ரசம், இந்தக் குளிரில் உறைய வைப்பதற்குள் உயிரை வாங்கிய தயிர். மேசைக்கு நாலு நாற்காலி. மெட்டே, லீனா, பெனிஸ், சில்வஸ்டர், நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நான் அடுப்படி வாசலுக்கும் மேசைக்கும் நடுவே என் இடத்தில் நின்றேன். அங்கே நின்றால் யார் தட்டில் எது தீர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சில்வஸ்டர் ஜெபம் பண்ணினார். நான் பரிமாறினேன். "நீங்களும் உட்காருங்கள்" என்றாள் லீனா இங்கிலீஷில். "நான் அப்புறமா சாப்பிடறேன், நீங்க ஆரம்பிங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானும் சொன்னேன். மெட்டே சிரித்தபடி தலையாட்டினார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

பெனிஸ் அதற்குள் வாய் நிறையச் சோற்றை அடைத்திருந்தான். வீட்டுச் சாப்பாட்டைக் கண்டு எத்தனை மாதமோ. லீனா மேசைக்கு அடியில் அவனை உதைத்திருக்க வேண்டும், திடீரென்று மெல்லுவதை நிறுத்திவிட்டான். சில்வஸ்டரும் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஜெபம் பத்தலையாட்ட இருக்குதே" என்றேன் மெதுவாக.

சில்வஸ்டர் ஓய்வுபெற்ற கண்டக்டர். காலமெல்லாம் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஓடியவர். சொன்னதைச் செய்வார். கண்ணை மூடி இரண்டாவது ஜெபத்தை ஆரம்பித்தார். டென்மார்க் நாட்டையும், அதன் காற்றையும், மலைப்பாதையில் போகிற எல்லா வண்டிகளையும், பிரேக்குகளையும் ஆசீர்வதிக்கச் சொல்லி நீளமாக முடித்தார். எல்லோரும் ஆமென் என்றோம். மெட்டே அப்போதும் சாப்பிடவில்லை.

ஸ்பூன் இல்லாததுதான் குறை என்று ஓடிப்போய் ஸ்பூன் கொண்டுவந்தேன். அடுத்து ஃபோர்க். அடுத்து, சோறே பிடிக்கவில்லையோ என்று ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும். மேசையில் இனி கை வைக்க இடமில்லை. மெட்டே ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார், ஒன்றையும் தொடவில்லை. குழம்பின் மேல் ஆவி அடங்கி எண்ணெய் உறைய ஆரம்பித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"டேய், காரம்னு சொல்லிப் பயமுறுத்தி வெச்சிருக்கறயா?" என்று பெனிஸைப் பார்த்தேன்.

"சத்தியமா இல்லைங்கம்மா" என்றான்.

அப்போதுதான் மெட்டே அவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பெனிஸின் முகம் மாறிவிட்டது. லீனா குனிந்துகொண்டாள்.

"என்னடா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்லைங்கம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா உன்ற மூஞ்சி இப்படிப் போவுது? சொல்லு."

"உங்களுக்கு இந்த மேசைல இடமில்லையான்னு கேக்கறாங்க" என்றான். "நாளைக்கு லீனாவும் இங்க வந்தா இப்படித்தான் நிக்கோணுமான்னும் கேக்கறாங்க."

எனக்கு இடமில்லையா? என் வீட்டில்? ஊட்டிக் குளிரெல்லாம் எங்கேயோ போய்விட்டது, எனக்கு வியர்த்தது.

"சொல்லுடா அவங்ககிட்ட. நிக்கறவ வேலைக்காரி இல்ல. இந்த மேசைல நான் சொன்னாத்தான் சோறே நகரும். நான் உக்காந்துட்டா எல்லாத்தையும் யாரு பாக்கறது?"

பெனிஸ் சொன்னான். மெட்டே பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்.

"அவங்க ஊர்ல, சமைச்சவங்க உக்காந்து முதல் வாய் வெக்காம யாரும் தொடமாட்டாங்களாம்மா. நீங்க அப்புறமான்னு சொன்னீங்கல்ல, அதான் காத்திருக்கறாங்களாம். ராத்திரி வரைக்கும் இருப்பேங்கறாங்க."

என்ன பிடிவாதம்! கோபத்துக்கு நடுவிலும் அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது. அந்தப் பிடிவாதம் எனக்கும் உண்டு. "எனக்கென்ன உக்காரத் தெரியாதா? கொண்டாடா நாற்காலியை" என்றேன்.

அந்த மேசைக்கு ஐந்தாவது நாற்காலி வீட்டில் கிடையாது. பெனிஸ் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி வந்தான். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் முன்னால் தட்டு இல்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு யார் போடுவது?

சில்வஸ்டர் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு, எனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தார். குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. குழம்பு கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வந்தவர், வளைவில் திரும்புகிற பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவரைப் போல லாவகமாக ஆள் ஆளுக்குச் சாய்ந்து ஊற்றினார். "யாருங்க இன்னும் வாங்கலே?" என்று பழைய பழக்கத்தில் வேறு கேட்டார். லீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் தட்டுக்கு வந்தபோது மட்டும் சோற்றுக் கரண்டியோடு தயங்கினார்.

"எத்தனை கரண்டி போடட்டும் தபித்தா?"

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே தெரியவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு பானையில் எவ்வளவு மிச்சமோ அதுதான் என் அளவு. அதை எப்படிக் கரண்டிக் கணக்கில் சொல்வது?

"போடுங்க, போதும்னா சொல்றேன்" என்றேன்.

முதல் வாயை எடுத்து வைத்தேன்.

சுடச்சுட என் குழம்பை நான் சாப்பிட்டதே இல்லை. உப்புப் பார்க்க உள்ளங்கையில் விட்டு நக்கியது உண்டு. சாப்பிட உட்காரும்போது அது எப்போதும் ஆறி, மேலே ஆடை கட்டி, மிளகு அடியில் போய் ஒதுங்கியிருக்கும். இது வேறு குழம்பு. மிளகும் தேங்காயும் ஒன்றாக ஏறி மூக்கு வரைக்கும் போயின. கறி தானாக எலும்பை விட்டது. இத்தனை வருடமாக இந்த வீட்டில் எல்லோரும் இதையா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்? எனக்குப் பொறாமையாக இருந்தது, கோபமாக இருந்தது, எல்லாவற்றையும் விடப் பெருமை தாங்கவில்லை.

"ஏனுங்க, இவ்வளவு நல்லாவா சமைக்கறேன் நானு?"

"நாந்தான் தினமும் சொல்றனே" என்றார் சில்வஸ்டர்.

"நீங்க சொல்றீங்க. எனக்கு இன்னைக்குத்தானே தெரியுது!"

பெனிஸ் இதை மொழிபெயர்த்தானோ, என் முகத்திலிருந்தே புரிந்ததோ, மெட்டே வாய்விட்டுச் சிரித்தார். ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்தார். முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சினார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் தட்டில் கை வைத்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டபோது பரிமாற நான் எழப் போனேன். சில்வஸ்டர் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவரே போட்டார். மெட்டே அதையும் பார்த்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெனிஸிடம் ஏதோ சொன்னார். அவன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். லீனா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா! அம்மா, கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்னு கேக்கறாங்க!"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். ஆனால் என் தட்டில் அப்போதுதான் இரண்டாவது கரண்டி குழம்பு விழுந்திருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டு முடிச்சுட்டுச் சொல்றேன்னு சொல்லு கண்ணு" என்றேன். "ஆறிப் போயிரும்."