எதிர்த்தரப்பு வாதம் முதலில்

வாய்தா வக்கீல் என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்திருந்தது. அவர் கோபித்துக்கொள்வதில்லை. கேஸ் கொடுத்தவர்கள் வைத்த பெயர், அனுபவித்தவர்களுக்குத் தெரியாதா?

அவர் சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றதற்கு ஒரே காரணம் கோர்ட். ஊரிலிருந்த கோர்ட்டைத் தொகுதி எம்.எல்.ஏ. சிமெண்ட் அண்ணன் பெயர்த்துக்கொண்டுபோய்த் தன் சொந்த ஊரில் வைத்துவிட்டார். சிமெண்ட் வியாபாரி அல்லவா, எங்காவது கட்டடம் எழும்பினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வழக்கு உள்ளவர்கள் பஸ் மாறி மாறி ஓடினார்கள். கோர்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தே தீருவேன் என்று வக்கீல் மனுத்தாக்கல் செய்தார்.

முதல் கூட்டம் சந்தைத் திடலில். எதிராளியின் வாதத்தை முதலில் நியாயமாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதை உடைப்பது கோர்ட்டில் அவர் பாணி. தொழில் புத்தி மேடையிலும் கூடவே ஏறிவிட்டது.

"என் கற்றறிந்த நண்பர் என்ன சொல்கிறார் என்றால்..." என்று தொடங்கினார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடிய அண்ணனுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் பட்டம் அது. புதுக் கட்டடம், மின்விசிறி, பெண்களுக்குக் கழிப்பறை என்று வக்கீல் அடுக்கிய அழகில் கூட்டம் கைதட்டியது. 'ஆனால்' என்று அவர் வாயெடுப்பதற்குள் அனுமதித்த நேரம் முடிந்து, போலீஸ்காரர் மைக்கை அணைத்துவிட்டார்.

மறுநாள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிமெண்ட் அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார்.

"வக்கீலய்யா, என்னைப் பத்தி நானே இவ்வளவு அழகா பேசினதில்ல. வாபஸ் வாங்க இன்னும் நேரமிருக்கு. பேசாம நம்ம கட்சிக்கு வந்துடுங்க. அரசு வக்கீல் பதவி உங்களுக்குத்தான்."

உள்ளேயிருந்து வக்கீலம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வந்தவருக்குத் தண்ணி காட்டவா, வாசலைக் காட்டவா?"

"வாசல்."

அண்ணன் போனதும் அவள் இடுப்பில் கை வைத்தாள். "ஊரே சிரிக்குதேங்க. இனி யாரு உங்க பேச்சைக் கேட்க வருவா?"

"சிரிக்கிறவன் பூரா வருவான். அதுக்கு மேல எனக்கு எதுக்குக் கூட்டம்?"

அன்று சாயங்காலமே வந்தார்கள். வேடிக்கை பார்க்கவே திடல் நிறைந்தது. "நேத்து அவர் தரப்பைச் சொன்னேன். இன்னிக்கு என் பதில்" என்ற வக்கீல், தன் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்கார அம்மாவை மேடைக்கு அழைத்தார்.

"பஸ் வழியிலயே நின்னுபோச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள என் கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க" என்றாள் அந்த அம்மா. "அந்த மின்விசிறிக் காத்து என் மேல படவே இல்லைய்யா."

திடல் சிரிப்பதை நிறுத்தியது.

ஆனாலும் ஜெயித்தது சிமெண்ட் அண்ணன்தான். வக்கீல் மூன்றாவது. வெற்றி ஊர்வலம் வேண்டுமென்றே அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஜீப்பின் மேல் கழுத்து தெரியாமல் மாலையோடு நின்ற அண்ணன் கும்பிட்டார். "என்னய்யா, தோத்தாச்சு. இன்னும் முறைக்கிறீங்களே?"

வக்கீல் தெருவில் இறங்கினார். "ஜெயிச்சாச்சுல்ல, சொல்லுங்க. கோர்ட் எப்போ திரும்பி வரும்?"

அண்ணன் கண் காட்டினார். ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது.

"பாட்டு முடியட்டும். அப்புறமா பதில் சொல்லுங்க" என்று வக்கீல் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். வக்கீலம்மா நாற்காலியைத் தூக்கிவந்து நடுரோட்டில் போட்டாள். அவர் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தான். எதிர்க் கடையிலிருந்து தையல்கார அம்மா தன் ஸ்டூலோடு வந்துகொண்டிருந்தாள்.