நாலாவது பாட்டுக்குள்ளே

பேச்சில்லாமல் பாட்டை மட்டும் போடலாம் என்று சொன்னதுதான் ரமணி செய்த ஒரே குற்றம்.

கிள்ளானில் ஒரு விளம்பரக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கூந்தல் தைலம் விற்கும் வியாபாரி ஒருவருக்காக அந்தக் கம்பெனி தமிழ் வானொலியில் விடியற்காலை அரை மணி நேரத்தை வாங்கியிருந்தது. பாட்டுக்குப் பாட்டு தைலத்தின் பெருமையை அறிவிப்பாளர் வாய் வலிக்கச் சொல்வார். கேட்கிறவர்களுக்குக் காது வலிக்கும்.

"வேலைக்குக் கெளம்புறவங்களுக்குப் பேச்சு கேக்க ஏது சார் நேரம்? நாலு பாட்டு, நடுவுல தைலத்துப் பேரு. அவ்வளவுதான்," என்றாள் ரமணி.

மேனேஜர் சிவானந்தம் மோவாயைத் தடவினார். பேச்சை வைத்தே பிழைத்தவர் அவர். "சரிலா, மூணு மாசம் பாப்போம். ஆளு கேக்கலன்னா நிகழ்ச்சியும் இல்ல, ஒனக்கு இந்த நாற்காலியும் இல்ல."

மகள் சம்பளத்தை நம்பித்தான் ரமணியின் அப்பா ரப்பர் தோட்டத்து வேலையை விட்டு ரவாங்கில் வாடகை வீடு எடுத்திருந்தார். ஆகவே அந்த நாற்காலி அவள் ஒருத்தியை மட்டும் தாங்கவில்லை.

மூன்றாம் மாதம், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போனாள். புக்கிட் ரோத்தானில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் சாலையில் நடந்து, ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தை அடைந்தாள். கையில் பைல், காலில் ஆபீஸ் செருப்பு. முதல் வீட்டு வாசலில் நின்று, "வீட்ல ரேடியோ இருக்குங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றார்கள். அடுத்த வீட்டிலும் இல்லை. அவள் ஒரு வாசலைத் தாண்டுவதற்குள் செய்தி பின்பக்கமாக நாலு வாசலைத் தாண்டிவிட்டது. கடைசி வீட்டில் லெட்சுமி என்று ரப்பர் பால் வெட்டுகிற ஒருத்தி, தூளியை ஆட்டிக்கொண்டே, "ரேடியோவா? அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஏதும்மா வசதி," என்றாள். கூரைத் தகரத்தில் நாலு தீர்ந்த பேட்டரி மறுபடி உயிர் வர வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அது என்னக்கா?"

"புள்ளைங்க வெளையாட," என்றாள் லெட்சுமி, கண் கொட்டாமல்.

திரும்பும் பஸ்ஸில்தான் ரமணி தலையில் அடித்துக்கொண்டாள். ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். பைலும் கையுமாக யாராவது வந்தால் அவளுடைய அப்பாவே ரேடியோவை அரிசி டின்னுக்குள் இறக்கிவிடுவார். தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆபீஸ் செருப்பு போட்டதும் மறந்துபோனது. தன்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"எல்லார் வீட்லயும் இருக்கு சார், ஒளிச்சு வச்சிருக்காங்க," என்று சிவானந்தத்திடம் சொன்னாள்.

"காயவச்ச பேட்டரியக் காட்டி நான் வெளம்பரம் விக்க முடியுமா?" என்றார் அவர். அந்த வார இறுதியோடு நிகழ்ச்சி நின்றது. மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்யும்படி ரமணிக்கும் சொல்லிவிட்டார். அவள் அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு லெட்சுமி வந்து நின்றாள். கல்யாணத்துக்குக் கட்டும் சேலை, கையில் துணிப்பை.

"ஏம்மா, பாட்ட நிப்பாட்டிட்டீங்களா?"

"ஒங்க வீட்லதான் ரேடியோவே இல்லையேக்கா," என்றாள் ரமணி. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

லெட்சுமிக்கு முகம் சுண்டியது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. "தூளிக்குள்ளதான் இருந்துச்சு. நீ லைசென்ஸ்காரின்னு நெனச்சுட்டோம். நீ வாசல்ல விட்டுட்டுப் போன கம்பெனி அட்டைய அப்புறந்தான் பாத்தோம். திங்கக்கெழம, விடியக்கால பேரு கூப்புடுற பெரட்டுக்கு லயமே லேட்டு. கணக்கெழுதுற கிராணி பாதிப் பேர சம்பளமில்லாம திருப்பி அனுப்பிட்டாரு. கோழி கூவலன்னு சொல்லிட்டு நிக்கிறோம்."

"பாட்டு இல்லன்னா எப்படிக்கா லேட்டாகும்?"

"மொதப் பாட்டுல அடுப்புப் பத்தவைப்பேன். ரெண்டாவதுல தேத்தண்ணி. மூணாவதுல புள்ளைங்கள எழுப்பி ஆயாக்கொட்டாயில விடணும். நாலாவது முடியறதுக்குள்ள பெரட்டுக்களத்துல நிக்கணும். கடிகாரம் செவுத்துலதான் இருக்கு, புகையில யாரு அதப் பாக்குறது? முன்ன அந்த ஆளு பேசிக்கிட்டே இருந்தப்ப ஒரு கணக்கும் நிக்கல."

சிவானந்தம் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப தைலம் வாங்குறீங்களாம்மா?"

"இல்லிங்க சார். நாங்க தேங்கா எண்ணெதான்."

பாட்டு ஜெயித்துவிட்டது, தைலம் தோற்றுவிட்டது. சம்பளம் தருவதோ தைலம்தான். சிவானந்தம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினார்.

"அக்கா," என்றாள் ரமணி அவசரமாக, "ரெண்டாவது பாட்டுல தேத்தண்ணி போடுறீங்களே, எந்தத் தூளு?"

"கடையில கெடைக்கிற தூளு. எது நல்லதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

சிவானந்தம் நின்றார். வியாபாரம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது, விளக்க வேண்டியிருக்கவில்லை. லயம் முழுக்க ஒரே பாட்டில் கொதிக்கும் தண்ணீர் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தேத்தூள் கம்பெனிகிட்ட நான் பேசுறேன்," என்றார். "ஆனா சும்மா வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான். கேக்குறவங்க ஒருத்தர் பேராவது வேணும். தோட்டம், வீட்டு நம்பரோட."

ரமணி பேனாவை எடுத்தாள். எழுத மனம் வரவில்லை. எந்தப் பெயரைக் கொடுக்கப் பயந்து லயமே பொய் சொன்னதோ, அதையே இவர் கேட்கிறார். லெட்சுமி ஏற்கெனவே ஒரு நாள் சம்பளம் போனவள். "வேணாம் சார்," என்றாள். "வேற எதாச்சும் வழி பாப்போம்."

லெட்சுமி பைக்குள் கைவிட்டு, மடித்த காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்து நீவினாள். காலையில் கோலா சிலாங்கூர் தபாலாபீசில் எடுத்த ரேடியோ லைசென்ஸ். அச்சு மை இன்னும் பளபளத்தது.

"பேரு கேப்பீங்கன்னு தெரியும். நீ அன்னைக்கு வெயில்ல ஒவ்வொரு வாசலா நின்ன. ஒரு வாய்த் தண்ணி குடுக்காம பொய் சொல்லி அனுப்புனோம். அது மனசுக்குச் செரியாப் படல."

ரமணி பேனாவை மறுபடி எடுத்தாள். பைலைத் திறந்தாள், எழுத்து கலங்கித் தெரிந்தது.

"எழுதும்மா. லெட்சுமி, காளியண்ணன் பொஞ்சாதி, கடைசி வீடு," என்றாள் லெட்சுமி. "நாலாவது பாட்ட மட்டும் கொஞ்சம் நீட்டமாப் போடு. களம் தூரம்."